9,000 மைல், 17 மணி நேரம்!

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து லண்டன் சுமார் 9,000 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 14,500.

இவ்வளவு தூரத்தையும் வழியில் எங்கும் இறங்காமல் கடக்கும் விமானப் போக்குவரத்து 2018-ம் ஆண்டு தொடங்கியது. குவாண்டாஸ் என்ற ஆஸ்திரேலிய விமானக் கம்பெனி அதைத் தொடங்கியது.

முதல் விமானம் மார்ச் 24-ந் தேதி மாலை 6.45 மணி அளவில் பெர்த்தில் கிளம்பியது. மறுநாள் காலை 5 மணி அளவில் லண்டனில் இறங்கியது.

அப்படியானால் 10 மணி நேரப் பயணந்தானா? இல்லை! பெர்த்தில் பொழுது விடிந்து பல மணி நேரம் கழித்தே லண்டனில் விடியும். அன்று லண்டன் கடிகாரம் 7 மணி நேரம் பின்னால் இருந்தது. பத்தோடு ஏழைக் கூட்டினால் 17. அதுதான் உண்மையான பயண நேரம்.

நான்கு நாள் பயணம்

1947-ல் இதே கம்பெனியின் விமானம் சிட்னியில் இருந்து லண்டன் போக 4 நாள் ஆயிற்று. சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ என்று பல ஊர்களில் இறங்கிப் பெட்ரோல் போட வேண்டியிருந்தது.

இரண்டு சூரிய உதயம்

அதற்கு முன்பு யுத்த காலம். 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆகாய வழி அறுந்தது. இங்கிலாந்துக்குத் தபால் போவது எப்படி?

1943-ல் பெர்த்தில் இருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்குக் கடல் விமானங்கள் பறந்தன. நடுவில் சுமார் 3,500 மைல் கடல்! விமானத்தில் துப்பாக்கி கிடையாது. எதிரி கேட்டுவிடுவான் என்பதால் ரேடியோவில் பேசவும் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். பெட்ரோலின் பாரம் அதிகம். ஆகவே 3 பிரயாணிகளுக்குத்தான் இடம்.

பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீடித்தது. ஏறியவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயத்தைக் கண்டார்கள். 1945 வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட அழியவில்லை!

மீண்டும் சிங்கப்பூர்

2024 ஏப்ரலில் ஈரான் பக்கம் போர் அபாயம் மூண்டது. லண்டன் விமானம் அந்த வானத்தை விட்டு விலகிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. எதிர்க்காற்று வேறு. எரிபொருள் போதாது. ஆகவே சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயிற்று.

ஆனால் லண்டனில் இருந்து திரும்பிய விமானம் எங்கும் இறங்கவில்லை. மேற்கே இருந்து வீசும் காற்று அதைப் பின்னால் இருந்து தள்ளிக்கொடுத்தது.

பெர்த்தும் லண்டனும் இருந்த இடத்திலேதான் இருக்கின்றன. பயணத்தைச் சுருக்கியது மனிதனின் அறிவு. அதை மறுபடியும் நீட்டியது மனிதனின் சண்டை!