பத்தரை மணி பிரேக்ஃபாஸ்ட்!

உங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் காலை டிபன் எத்தனை மணிக்கு பாஸ்? ஏழரை? தூங்கி எழுந்து எட்டே காலுக்கு ஓடிப்போய், 'இன்னிக்கும் உப்புமாவா'ன்னு தட்டைத் தள்ளிவிடுற ஆள்தானே நீங்க? நானும் அதே கேஸ்தான். போன மாசம் கீரிப்பாறைக்குப் போற வரைக்கும்!

குமரி மாவட்டத்து மக்களுக்கு இந்த ஊரைத் தெரியும். நாகர்கோவிலிலிருந்து அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம் தாண்டினா மலையடிவாரம். காளிகேசத்துக்குக் குளிக்கப் போற பைக் கோஷ்டிகள் வழியில ரப்பர் மரங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு பறந்துடும். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். ராத்திரி நண்பன் வீட்டில் தங்கல்.

விடியற்காலை நாலு மணிக்கு ஜன்னல் வழியா பார்த்தா, தோட்டத்துக்குள்ள மினுக் மினுக்னு வெளிச்சம். பேய்னு நினைச்சு போர்வையை இழுத்தேன். நண்பன் சிரிச்சான். "லேய், அது எங்க அக்காடே!"

அக்கா பால்வெட்டுத் தொழிலாளி. நெத்தியில டார்ச், கையில வெட்டுக்கத்தி. ஒரு ஆள் சுமாரா முந்நூறு மரம் வெட்டணும். பட்டையை ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் சரிவா சீவணும். கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். லேத்தில் டூல் பிடிச்சு அரை மில்லிமீட்டரைக் கோட்டைவிட்ட நான், இருட்டில் அந்தக் கையைப் பார்த்து வாயடைச்சு நின்னேன்.

ஏன் அந்த அகால நேரத்துல? வெயில் ஏறினா இலை வழியா தண்ணி ஆவியாகும், மரத்துக்குள்ள இருக்கிற பிரஷர் இறங்கும், பாலும் குறைஞ்சுடும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வச்சவனுக்கே புரியுது, உங்களுக்குப் புரியாதா!

மூணரைக்கு ஒரு கட்டன்சாயா. அதோட சரி. வெட்டி முடிச்சு, பால் வடிஞ்சு நின்னதும் அதே மரங்களுக்குத் திரும்பப் போய் சிரட்டை சிரட்டையா வாளியில் ஊத்தி, சுமந்துபோய் அளந்து கொடுத்துட்டு அக்கா சாப்பிட உட்கார்ந்தப்ப மணி பத்தரை. பழங்கஞ்சி, காந்தாரி மிளகாய், முந்தின நாள் மரச்சீனி. பக்கத்து லயத்திலிருந்து வந்தவங்க டப்பாவில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பினவங்களுக்கு வேலை கொடுத்த ரப்பர் தோட்டங்கள் இந்தப் பக்கம் உண்டு. அந்தக் குடும்பங்களோட இந்த ரொட்டியும் கடல் தாண்டி வந்திருக்கு.

எனக்குக் கை சும்மா இருக்குமா? "அக்கா, நாங்க என்.எஸ்.எஸ். பசங்க. உங்க எல்லாருக்கும் மரியாதை பண்ற மாதிரி ஒரு நாள் டிபன் விருந்து வைக்கிறோம்"னு அள்ளி விட்டேன்.

"நல்லது மக்கா. எத்தனை மணிக்கு?"

"காலையில எட்டு மணிக்கு!"

"அப்ப நான் இருநூறாவது மரத்துல நிப்பேனே!"

கோஷ்டி மொத்தமும் கப்சிப்.

ஊருக்குத் திரும்பி நெட்டில் தேடினேன். அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையை ஒட்டி கலெக்ஸிகோன்னு ஒரு ஊர். குளிர்காலத்துல லெட்டூஸ் கீரை அறுக்க ஆட்கள் எல்லை தாண்டி இருட்டிலேயே வந்து சேருவாங்க. கலிஃபோர்னியா மாநில வேலைவாய்ப்புத் துறை அங்கே விவசாயத் தொழிலாளர்களைக் கௌரவிக்க டிசம்பரில் காலை விருந்து நடத்தியிருக்கு. எப்போ தெரியுமா? விடியறதுக்கு முன்னாடி! அவங்க பஸ் ஏறுற நேரத்துக்கு இவங்க அடுப்பு மூட்டினாங்க. எனக்கு உறைச்ச இடம் அதுதான்.

இன்னொண்ணும் கண்ணில் பட்டது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே 150 பேருக்கு மேல் வேலை செய்யுற இடத்துக்கு கேன்டீன் பேச்சு உண்டு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அதை 100 பேர்னு இறக்கியிருக்கு. சூப்பர்ல? ஆனா அக்கா வேலை செய்யுற சின்ன எஸ்டேட்டில் மொத்தமே பன்னிரண்டு பேர். சட்டம் கேட்டுக்கு வெளியிலேயே நின்னுடும்.

அடுத்த வாரம் திரும்பவும் போய் இதை அக்காகிட்ட சொன்னேன். "சாப்பாடு கிடக்கட்டும் மக்கா, மழை பெய்தா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா கூலி இல்ல. அதை எழுது"ன்னாங்க. எழுதிட்டேன் அக்கா. கூலின்னதும் இதையும் சொல்லணும்: 2022 நவம்பரில் அரசு ரப்பர் கழகத் தொழிலாளர்கள் நாளைக்கு 40 ரூபாய் உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செஞ்சாங்க. நாற்பது ரூபாய்! நம்ம கேன்டீனில் ஒரு மசாலா தோசை தேறுமா?

சரி, நம்ம விருந்து? மரத்துக்குப் போறதுக்கு முன்னாடி, மூணு மணிக்கு வைக்கிறதுன்னு முடிவு. அப்படின்னா ஒண்ணரைக்கு அடுப்பு பத்த வைக்கணும். கோஷ்டியில பதினோரு பேர். "வர்றேன்"னு கை தூக்கினது நாலே பேர். அதுலயும் ஒருத்தன் அலாரத்தை நம்பறவன்!

மெனு கேட்டோம். அக்கா போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு: உப்புமா மட்டும் வேண்டாம். ரெண்டாம் கிளாஸ் படிக்கிற அவங்க பையன் அரசுப் பள்ளியில காலை உணவு சாப்பிடுறான். 2022-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டோட எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்த திட்டம்.

"அவன் உப்புமா தின்னுட்டு வந்து அந்தக் கதையைத்தான் ராத்திரி பூரா சொல்லுவான். எனக்குப் புட்டும் கடலையும் போடுங்க மக்கா. சூடா!"