தந்தியில் நழுவும் நாதம்

சிவனும் திருமாலும் ஒரே திருமேனியில் சங்கரநாராயணராகக் காட்சிதரும் சங்கரன்கோவிலில், இரு மரபுகள் தத்தம் இயல்பு மாறாமல் ஓரிடத்தில் பொருந்துவது புதிதன்று. 1995-இல் வெளிவந்த ‘மும்தாஜ் மஹால்’ இசைத்தொகுப்பில் அமெரிக்கப் பாடகரும் கிதார் கலைஞருமான தாஜ் மஹால், சித்திரவீணைக் கலைஞர் ரவிகிரண், கிதாரை மாற்றியமைத்து மோகனவீணையை உருவாக்கிய விஸ்வமோகன் பட் ஆகிய மூவரும் அவ்வாறே இணைந்தனர். மெட்டுகள் அற்ற சித்திரவீணையில் உருளையைத் தந்திமீது நழுவவிடும்போது, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் பிறக்கிறது. தாஜ் மஹாலின் மரபான, அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தில் விளைந்த ப்ளூஸ் இசையிலும், கலைஞர்கள் கண்ணாடி அல்லது உலோகக் குழாயை விரலில் மாட்டிக்கொண்டு கிதார் தந்தியில் நழுவவிடுவர். வாசிப்பு முறையில் உள்ள இந்த ஒற்றுமையே அக்கூட்டிசைக்கு இயல்பான அடித்தளமாகும்.