வீடு விக்கப் போறீங்களா? முதல்ல கதவு நிலையைத் தட்டிப் பாருங்க!

சென்னை:

மகள் கல்யாணத்துக்காகவோ, கடனை அடைக்கவோ சொந்த வீட்டை விற்க நினைப்பவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் பேசி முடித்த விலையை கடைசி நேரத்தில் கவிழ்த்துவிடுகிறது, கதவு நிலைக்குள் குடியிருக்கும் கறையான்.

வீடு பார்க்க வருபவர் கதவு நிலையை விரலால் அழுத்துகிறார். பெயிண்ட் உடைந்து விரல் உள்ளே போகிறது. அவ்வளவுதான். "செல்லரிச்ச வீடு" என்று பேச்சு கிளம்பிவிட்டால் அடுத்து வருபவரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். இதைத் தவிர்க்க, விற்பனைக்குப் போடும் முன்பே வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு.

எங்கே தேடுவது?

வெள்ளை எறும்பு என்று சொன்னாலும் கறையான் எறும்பு இனம் கிடையாது. கரப்பான் பூச்சிக்குத்தான் நெருங்கிய சொந்தம். வெளிச்சமும் காய்ந்த காற்றும் அதற்கு ஆகாது. அதனால் மண்ணுக்கு அடியில் இருந்து பென்சில் தடிமனில் மண் குழாய் கட்டிக்கொண்டு சுவர் ஏறும்.

பாத்ரூம் கதவு நிலையின் அடிப்பாகம், சமையலறை சிங்க் அடியில் உள்ள அலமாரி, பரண், மீட்டர் பலகை, பீரோவின் பின்பக்க சுவர் ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மரத்தை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் வரும் இடம் சந்தேகத்துக்குரியது.

மண் குழாயில் ஒரு துண்டை உடைத்துவிட்டு சில நாள் கழித்துப் பார்த்தால், மறுபடி கட்டி இருந்தால் கறையான் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மழைக்குப் பிறகு ஈசல் வீட்டுக்கு உள்ளிருந்தே கிளம்பினால் அதுவும் எச்சரிக்கைதான். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையானே.

கான்கிரீட் கூரை வீடு என்றால் சேதம் பெரும்பாலும் கதவு, ஜன்னல், அலமாரியோடு நின்றுவிடும். ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் உள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் அப்படி இல்லை. அங்கே கூரையையே மர உத்திரம்தான் தாங்குகிறது. அதில் கறையான் ஏறி இருந்தால் இன்ஜினீயரை வரவழைத்துப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

பட்டி வச்சு மறைக்கலாமா?

"அண்ணே, பட்டி பார்த்து ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது" என்று சில புரோக்கர்கள் ஐடியா கொடுப்பார்கள். இதை நம்பினால் வம்புதான்.

1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அது மோசடிக்கு சமம். தெரிந்தே மூடி மறைப்பதை 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் மோசடி என்றுதான் சொல்கிறது. கிரயம் முடிந்த பிறகும் கோர்ட், கேஸ் என்று அலைய நேரிடலாம்.

மருந்து அடிப்பது எப்படி?

மண்ணெண்ணெயோ, வேப்பெண்ணெயோ ஊற்றினால் அந்த இடத்தில் இருக்கும் பூச்சி மட்டும் சாகும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டம் வேறு வழியாக வந்துவிடும்.

கட்டி முடித்த வீட்டுக்கு மருந்து அடிக்கும் முறையை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியின் 3-வது பகுதி சொல்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒன்று வீதம் துளை போட்டு, அடியில் உள்ள மண் வரை மருந்துக் கரைசலை இறக்கி, துளையை சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் ஆகியவை பொதுவாகப் பயன்படும் மருந்துகள்.

இரண்டுமே விஷம். கிணறு, போர், சம்ப் எங்கே இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே ஆட்களிடம் காட்டிவிட வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. லைசென்ஸ் உள்ள ஆளா என்று கேட்டு, பில்லும் உத்தரவாத அட்டையும் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

குழாய்க் கசிவு, சுவர் ஓதம், சுவரை ஒட்டி அடுக்கிய விறகு ஆகியவற்றை சரி செய்யாவிட்டால் அடித்த மருந்தும் நீண்ட நாள் காப்பாற்றாது.

விலையை எப்படிப் பேசுவது?

உதாரணத்துக்கு, 2 கதவு நிலை மாற்றவும் மருந்து அடிக்கவும் 50 ஆயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க வருபவர் தானாகக் கண்டுபிடித்தால், பயத்திலேயே 2, 3 லட்சம் குறைத்துக் கேட்பார். ஆசாரி கொடுத்த மதிப்பீட்டையும் மருந்து அடித்த பில்லையும் நாமே எடுத்து நீட்டினால் பேச்சு அந்த 50 ஆயிரத்தைச் சுற்றியே நிற்கும்.

கறையான் இருந்ததையும், என்ன வேலை செய்யப்பட்டது என்பதையும் அட்வான்ஸ் வாங்கும்போதே கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பின்னால் பேச்சுக்கு இடம் இருக்காது.

பத்திரத்தையே தின்றுவிட்டால்?

சுவர் அலமாரியில் வைத்த கிரயப் பத்திரத்தையே கறையான் அரித்துவிடுவதும் உண்டு. பதறத் தேவையில்லை. பதிவு செய்த பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். தமிழ்நாட்டில் பதிவுத்துறை இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்க முடியும். மிச்சம் இருக்கும் அசல் துண்டுகளை குப்பையில் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

வாங்குபவர்களே உஷார்

புது பெயிண்ட் வாசனை அடிக்கும் வீட்டில் பரணையும் பாத்ரூம் கதவையும் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டும். "இதுக்கு முன்னாடி செல்லு வந்திருக்கா?" என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. சாதாரணமாகப் பார்த்தாலே தெரியும் சேதத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, பிறகு சட்டத்தைக் காட்டி கேட்பது கஷ்டம் என்பது குறிப்பிடத்தக்கது.