பூனாகலை முற்றத்தில் ரோஸ்மேரி

மத்தியதரைக் கடலோரத்து ரோஸ்மேரிக்குப் பூனாகலைக் குளிர் ஒத்துவரும். குளிரான நீலகிரி மலையிலும் இதை எண்ணெய்க்காகப் பயிரிடுகிறார்கள். பூனாகலையில் அதற்குப் பகை, ஆண்டு முடிவில் கொட்டும் வடகீழ்ப் பருவமழைதான். வேரில் தண்ணீர் நின்றால் செடி அழுகிவிடும். ஆகவே வெயில் படும் மேட்டுப் பாத்தியிலோ, அடியில் ஓட்டையிட்ட பழைய வாளியிலோ, நிறைய மணல் கலந்து நடுங்கள். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் இதற்கு ஆகாது. நடுவதற்குச் சில வாரம் முன்பே கொஞ்சம் டொலமைட் கலந்து வையுங்கள்.

தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர்களுக்குத் தண்டு நடுவது கைவந்த வேலை. 10 முதல் 15 சென்ரிமீற்றர் இளந்தண்டில் அடியிலைகளை உருவி, ஈரமணலில் ஊன்றினால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர்விடும். ஆனால், தேயிலைக்குப் போல ஆழமாகக் கவ்வாத்து வெட்டிவிடாதீர்கள்! இலையில்லாத முதிர்ந்த தண்டு மறுபடி துளிர்ப்பது அரிது. பச்சை நுனியை மட்டும் கிள்ளுங்கள். வெலிமடை உருளைக்கிழங்குப் பிரட்டலில் போட்டால் அருமையாக மணக்கும்.