புரொஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் மிதிவண்டித் தடம்

புரொஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் மிதிவண்டித் தடம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதியில் உள்ள ஓர் இருவழி மிதிவண்டித் தடம் ஆகும். இது புரொஸ்பெக்ட் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிச் செல்லும் சாலையில் 2010 ஜூன் மாதம் அமைக்கப்பட்டது. இத்தடம் சாலையைப் பாதுகாப்பானதாக ஆக்குகிறதா, புதிய ஆபத்தை உண்டாக்குகிறதா என்று அப்பகுதி மக்களிடையே எழுந்த விவாதம் நீதிமன்றம் வரை சென்றது.

பின்னணி

இச்சாலை கிராண்ட் ஆர்மி பிளாசாவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஒருவழிச் சாலையாகும். இதன் ஒருபுறம் பூங்காவும் மறுபுறம் பார்க் ஸ்லோப் குடியிருப்பும் உள்ளன. தடம் அமைவதற்கு முன் இதில் மூன்று போக்குவரத்து வழிகளும், இரு ஓரங்களிலும் வாகன நிறுத்த வரிசைகளும் இருந்தன. வண்டிகளின் எண்ணிக்கையைவிடச் சாலை அகலமாக இருந்ததால் வேக வரம்பு மீறல் வழக்கமாக இருந்தது. வடக்கு நோக்கிச் செல்லும் மிதிவண்டியோட்டிகளுக்கு இச்சாலையில் இடமில்லை. ஆகவே பலர் நடைபாதையில் ஓட்டினர்.

நியூயார்க்கில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சமுதாயக் குழு என்ற ஆலோசனை அமைப்பு உண்டு. அதன் பரிந்துரைகள் நகர நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துவன அல்ல. புரூக்ளினின் 6ஆம் சமுதாயக் குழு இச்சாலையில் வேகத்தைக் குறைக்கும் வழிகளை ஆராயுமாறு 2007இல் கேட்டுக்கொண்டது. நகரப் போக்குவரத்துத் துறை முன்வைத்த திட்டத்துக்கு அக்குழு 2009இல் ஆதரவு அளித்தது. அப்போது ஜெனட் சாதிக்-கான் துறையின் ஆணையராகவும், மைக்கேல் புளூம்பெர்க் நகர மேயராகவும் இருந்தனர்.

அமைப்பு

மூன்று போக்குவரத்து வழிகள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. பூங்காவின் நடைபாதையை அடுத்து இருவழி மிதிவண்டித் தடமும், அதையடுத்து ஏறத்தாழ 3 அடி அகலமுள்ள இடைவெளியும், அதன்பின் வாகன நிறுத்த வரிசையும் அமைக்கப்பட்டன. இதனால் நிறுத்தப்பட்ட வண்டிகளே ஓடும் வண்டிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் இடையே தடுப்பாக அமைகின்றன. திறக்கப்படும் கதவுகள் மிதிவண்டிகள் மீது மோதாமல் இருக்கவே இடைவெளி விடப்பட்டுள்ளது.

எதிர்ப்பு வாதங்கள்

புரூக்ளின் பகுதித் தலைவராக இருந்த மார்ட்டி மார்கோவிட்ஸ் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். முன்னாள் போக்குவரத்து ஆணையர் ஐரிஸ் வைன்ஷாலும் எதிர்த்தவர்களுள் ஒருவர். அவர்களின் தரப்பில் கூறப்பட்டவை:

* பூங்காவுக்குச் செல்பவர்கள் இரு திசைகளிலும் பார்த்தே தடத்தைக் கடக்க வேண்டும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இது ஆபத்தானது.
* நிறுத்தப்பட்ட வண்டிகளுக்கிடையே வருபவரை மிதிவண்டியோட்டி கடைசி நொடியிலேயே காண இயலும்.
* ஒரு வண்டி வழியை மறித்து நின்றாலும் பேருந்துகளும் அவசர ஊர்திகளும் தாமதமாகும்.

ஆதரவு வாதங்கள்

மோதலின் கடுமை வண்டியின் எடையையும் வேகத்தையும் பொறுத்தது என்பது ஆதரவாளர்களின் அடிப்படை வாதம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்வதால், வேகத்தைச் சிறிது குறைப்பதும் பெரும் பயன் தரும். வழிகள் குறைந்தால் முந்திச் செல்லும் வாய்ப்பும் குறைந்து, மெதுவாகச் செல்லும் வண்டியே மற்றவற்றின் வேகத்தையும் நிர்ணயிக்கும். மேலும், பாதசாரி கடக்க வேண்டிய தானுந்து வழிகள் மூன்றிலிருந்து இரண்டாகின்றன.

அளவீடுகளும் சர்ச்சையும்

தடம் அமைந்து ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின், 2011 ஜனவரியில் துறை தன் அளவீடுகளை வெளியிட்டது. அதன்படி மணிக்கு 30 மைல் (48 கி.மீ.) என்ற அன்றைய வரம்பை மீறிய வண்டிகள் 74 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தன. மிதிவண்டியோட்டிகளில் நடைபாதையைப் பயன்படுத்தியோர் 46 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாயினர். விபத்துகள் 16 விழுக்காடு குறைந்ததாகவும் துறை கூறியது.

விபத்துக் கணக்குக்குத் துறை தேர்ந்த ஒப்பீட்டுக் காலம் தவறானது என்றனர் எதிர்ப்பாளர்கள். இவ்விரு வகை அளவீடுகளும் ஒரே தன்மையுடையன அல்ல. வேகத்தைக் கணிக்கையில் கடந்து செல்லும் ஏராளமான வண்டிகளை அளக்கலாம். ஆனால் ஒரே சாலையில் ஆறு மாதங்களில் நிகழும் விபத்துகள் சிலவே. அவற்றில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு பெரிதும் மாறிவிடும். எனவே வேகம் குறைந்தது என்ற முடிவு வலுவானது. விபத்து பற்றிய முடிவுக்கு நீண்ட காலத் தரவு தேவை. தடத்தைக் கடக்க அஞ்சும் முதியவரின் அச்சமோ இவ்விரண்டு கணக்குகளிலும் இடம்பெறாது.

வழக்கு

எதிர்ப்புக் குழுக்கள் 2011 மார்ச்சில் நகர அரசுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தன. நியூயார்க் சட்டப்படி இத்தகைய அரசு முடிவை நான்கு மாதங்களுக்குள் எதிர்க்க வேண்டும். தடம் சோதனை முயற்சியாகவே அமைக்கப்பட்டது, ஆகவே காலக்கெடு பின்னரே தொடங்குகிறது என்று மனுதாரர்கள் வாதிட்டனர். நீதிபதி இதை ஏற்காமல் 2011 ஆகஸ்டில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் இக்கேள்வியை மீண்டும் ஆராயுமாறு அனுப்பியது. 2016இல் மனுதாரர்கள் வழக்கைத் திரும்பப் பெற்றனர். ஆகவே தடம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் இல்லை.

விளைவு

தடம் அகற்றப்படவில்லை. ஆனால் எதிர்ப்பாளர்கள் சுட்டிய சிக்கலை முன்னிட்டு, கடக்குமிடங்களில் பாதசாரிகள் நின்று பார்த்துச் செல்வதற்கான உயர்ந்த கற்காரைத் திட்டுகள் பின்னர் அமைக்கப்பட்டன.