அடுப்பின்றிக் காயும் நீர்

நாகல் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கும் குடும்பத்தினர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். எண்ணூறு, ஆயிரம் அடி ஆழத்திலிருந்து மோட்டார் இறைத்துக் கொட்டும் நீர், மார்கழி மாத அதிகாலையிலும் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். அது மாடித் தொட்டியில் வெயில்பட்டுக் காய்ந்த நீரன்று. நேரே பூமிக்குள்ளிருந்து வருவது. "கீழே யாரம்மா அடுப்பு மூட்டினார்கள்?" என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

ஏழு கிணறுகள்

இவ்வினாவுக்கு விடை தேட இலங்கைக்குச் செல்வோம். திருகோணமலைக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கன்னியா என்னும் ஊர் உள்ளது. அங்கே சிறு சதுரக் கிணறுகள் ஏழு அருகருகே அமைந்துள்ளன. ஆழம் சில அடிகளே. மக்கள் வாளியால் நீரை முகந்து தலையில் ஊற்றிக்கொள்கின்றனர். ஏழிலும் வெந்நீர்தான், ஆயினும் கிணற்றுக்குக் கிணறு சூடு சற்றே வேறுபடும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் இவை என்பது வழிவழியாக வரும் கதை.

வெந்நீர் ஊற்று என்றதும் எரிமலை நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பகுதியில் அது உண்மையே. அங்கு நிலத்தடியில் பாறைக்குழம்பு இருப்பதால் நீர் கொதித்துப் பீறிட்டு எழுகிறது. ஆனால் இலங்கையில் எரிமலையே இல்லை. அத்தீவின் பாறைகள் நம் திண்டுக்கல் பகுதிப் பாறைகளைப் போலவே மிகப் பழமையான கடினப் பாறைகள். அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது?

பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் ஏறுகிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 25 பாகை செல்சியஸ். பழம்பாறைப் பகுதிகளில் இதனினும் குறைவு. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே. கன்னியாவில் மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே இன்னும் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது.

நீர் சொல்லும் சாட்சி

யாரும் இறங்கிப் பார்க்க இயலாத ஆழத்தை விஞ்ஞானிகள் எவ்வாறு அறிகின்றனர்? வெப்பமானி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். ஆழத்தின் சூட்டை அறிய, நீரில் கரைந்துள்ள சிலிக்காவை அளக்கின்றனர். சூடான காப்பியில் சர்க்கரை மிகுதியாகக் கரைவதுபோல, சூடு மிகுந்த நீரில் பாறையின் சிலிக்கா மிகுதியாகக் கரையும். நீர் விரைந்து மேலேறி ஆறினாலும், கரைந்த சிலிக்கா உடனே பிரிந்துவிடாது. எனவே அதன் அளவே ஆழத்தின் சூட்டைக் காட்டிக்கொடுக்கும்.

நீரின் வயதை அறியவும் வழியுண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள் மழைநீரில் பெருகியது. 12.3 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். ஒரு நீரில் டிரிட்டியம் அறவே இல்லையெனில், அது அச்சோதனைகளுக்கு முன் பெய்த மழை என்று கொள்ளலாம்.

இந்தியாவிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் குறைந்த அவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 85 பாகையிலேயே கொதித்துவிடும். அங்குள்ள ஊற்றுகள் சில அச்சூட்டை நெருங்குகின்றன. 1970-களில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் அங்கே துளையிட்டு ஆராய்ந்தது.

நமக்கொரு பாடம்

வெந்நீர் ஊற்றுகளை ஆராயும் இம்முறைகள் நம் நிலத்தடி நீருக்கும் பொருந்தும். ஆழத்து நீர் பலவிடங்களில் நம் பாட்டன் காலத்து மழையாகவோ, அதனினும் பழையதாகவோ இருக்கக்கூடும். ஒரே நாளில் இறைத்துவிடலாம். ஒரே மழையில் நிரப்ப இயலாது. தமிழகத்தில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் பொருளும் இங்கே விளங்கும். நம் கூரையிலிருந்து இறங்கும் குழாய் இன்றும் சேகரிப்புக் குழியைச் சேர்கிறதா, தூர்ந்து கிடக்கிறதா?

அடுத்த முறை பிள்ளைகள் கேட்டால், அந்த அடுப்பு பூமியினுடையது என்போம். அதன்மேல் இருக்கும் நீரோ நம் முன்னோர் காலத்துச் சேமிப்பு என்பதையும் மறவாமல் சொல்லி வைப்போம்.