நிற்கக் கற்றோம்

மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிறவர் முதலில் கற்க வேண்டியது என்னவென்று கேட்டால், "நிற்பது" என்போம். நேயர்கள் சிரிக்கலாம். நாமும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள்தாம். சேலையூரில் நமது முழங்கால் தோலுரிந்த அன்றுதான் அந்தச் சிரிப்பு அடங்கிற்று.

நாம் பழகியது உறவினர் ஒருவரின் பழைய புல்லட்டில். 1955-ஆம் ஆண்டில் உருவான என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் செய்த அந்த வண்டிகளில் வலக்காலுக்குக் கியர், இடக்காலுக்குப் பிரேக். இக்காலத்து வண்டிகளிலோ இரண்டும் இடம் மாறியவை. புது வண்டியில் ஏறிய மூன்றாம் நாள், ஏரிப் பக்கத்துத் தெருவில் நாயொன்று குறுக்கே பாய்ந்தது. பழகிய இடத்தையே கால் தேடிற்று. பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்தோம், வண்டி உதறிற்று. திகைத்துப் போய் முன் பிரேக்கை இறுகப் பிடித்தோம். கீழே மணல்! சக்கரம் வழுக்க, வண்டியும் நாமும் தனித்தனியே தெருவில் கிடந்தோம். நாய் சுகமாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு பொறுமையாகக் கற்றோம். பிரேக் பிடிக்கையில் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. ஆகையால் நல்ல தார் ரோட்டில் முன் பிரேக்குக்கே வலிமை அதிகம். ஆயினும் அதைப் படிப்படியாக அழுத்த வேண்டும். பின் பிரேக்கும் துணை நிற்க வேண்டும். மணலிலும் ஈரத்திலும் வேகத்தை முன்னரே குறைப்பதுதான் விவேகம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு விநாடி திகைத்தால், அதற்குள் 11 மீட்டர் கடந்துவிடுவார். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இக்கணக்கை அறிந்தவர் முன்வண்டியை உரசிக்கொண்டு போகத் துணிவாரோ?

லைசென்ஸ் பரீட்சைக்காக 'எட்டு'ப் போட்டதிலும் ஒரு பாடம் உண்டு. கண் எங்கே செல்கிறதோ, வண்டியும் அங்கே செல்லும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் விழுவோம். போக வேண்டிய வழியைப் பார்த்தால் வழி கிடைக்கும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழகுநர் லைசென்ஸ் பெற்று 30 நாள் ஆன பிறகே நிரந்தர லைசென்ஸ் கேட்கலாம். அந்த முப்பது நாளை வீண் தாமதம் என்று எண்ணியிருந்தோம். முழங்கால் ஆறுவதற்கே பாதி நாள் போயிற்று!

இப்போது கேம்ப் ரோடு சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டால் அமைதியாக நிற்கிறோம். பின்னால் சிலர் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். வாசலில் நமக்காகக் காத்திருப்பவர்கள் நாம் எத்தனை விரைவில் வந்தோம் என்று கணக்குப் பார்ப்பதில்லை. வந்து சேர்ந்தோமா என்றுதான் பார்க்கிறார்கள்.